இல்லை என்று சொல்ல யாருக்கும் அனுமதி இல்லாத உணவகம்: ஓர் இரவுணவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் வழியில், கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் உயர்தர விடுதி ஒன்றின் உணவகத்தில், 2025 மே மாதச் சனிக்கிழமை ஒன்றின் இரவில் நடந்தது இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் தங்களது நாற்பதாவது திருமண நாளை மகன், மகள், மருமகள், மருமகன், இரண்டு பேரக்குழந்தைகளுடன் கொண்டாட அங்கே சென்றிருந்தார்கள். அவர்கள் எழுதிய புகார்க் கடிதம் வந்தபின், என்ன நடந்தது என்று ஆராய்ந்து சொல்லும்படி விடுதி நிர்வாகம் என்னைக் கேட்டுக்கொண்டது. விடுதிச் சமையலறைகளில் உணவுப் பாதுகாப்பையும் பரிமாறும் முறையையும் பார்வையிட்டு அறிக்கை தருவது என் தொழில். இரு தரப்பின் ஒப்புதலோடும், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்தும் இதை எழுதுகிறேன்.

மேசையைப் பதிவு செய்தவர் மகள். ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கடல் தெரியும் மேசை வேண்டும். அப்பா சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர், ஆகவே எட்டரை மணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். ஆறு வயது மகளுக்கு முந்திரிப் பருப்பு ஒவ்வாமை உண்டு. பதிவேட்டில் இருந்ததோ ஒரே வரி: “8 பேர், 7.30, திருமண நாள், கேக்.” அழைப்பை எடுத்த ஊழியர் மற்ற செய்திகளையும் கேட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டார். பதிவேட்டில் குறிப்புக்கென்று ஒரு வரிக்கு மேல் இடமில்லை. திருமண நாள் என்றால் கேக் அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லித்தரப்பட்டிருந்த விஷயம்.

அன்று மாலைச் சமையலறை

உணவகத்தில் 90 இருக்கைகள். கோடை விடுமுறைச் சனிக்கிழமை என்பதால் அத்தனையும் பதிவாகியிருந்தன. அதே நேரத்தில் புல்வெளியில் 180 பேருக்குத் திருமண வரவேற்பு விருந்தும் நடந்தது. இரண்டுக்கும் ஒரே சமையலறை. வழக்கமாக அடுப்படியில் நிற்கும் ஒன்பது பேரில் அன்று ஆறு பேர்தான் இருந்தார்கள்.

ஆள் குறைவை விடப் பெரிய குறை வேறொன்று. வெந்து முடிந்த தட்டுகள் வந்து சேரும் மேடையைச் சமையலறையில் ‘பாஸ்’ என்பார்கள். அங்கே ஒருவர் நின்று, எந்த மேசையின் கே.ஓ.டி. (சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு) எப்போது வந்தது, எது தயார், எது தாமதம் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவர் இருக்கும் வரை எவ்வளவு கூட்டம் வந்தாலும் சமையலறை தன் நிலைமையை அறிந்திருக்கும். அன்று மாலை ஏழு மணிக்கு அந்த ஆளைத்தான் விருந்துப் பந்தலுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு, எந்த மேசைக்கு எப்போது உணவு போகும் என்பதைச் சொல்லக்கூடியவர் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

மேசையில் நடந்தவை

குடும்பம் 7.30-க்கு வந்து சேர்ந்தது. முந்தைய விருந்தினர் எழாததால் வரவேற்புப் பகுதியில் காத்திருந்து, 8.05-க்கு உட்கார்ந்தார்கள். கடல் தெரியும் மேசை கிடைத்தது, அதில் குறையில்லை.

8.20-க்கு, பரிமாறுபவர்களை மேற்பார்வையிடும் கேப்டன் வந்து ஆர்டர் எடுத்தார். “அப்பா ஊசி போட்டுக்கணும், சாப்பாடு வர எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மகள் கேட்க, “இருபது நிமிஷம் மேடம், ஸ்டார்ட்டர் அதுக்கு முன்னாடியே வந்துடும்” என்றார் அவர். பெரியவர் பயன்படுத்துவது உணவுக்கு அரை மணி நேரம் முன்பாகப் போட வேண்டிய சாதாரண வகை இன்சுலின். கேப்டனின் சொல்லை நம்பிக் கழிவறைக்குச் சென்று போட்டுக்கொண்டு வந்தார். கணினிப் பதிவின்படி கே.ஓ.டி. சமையலறைக்குப் போனது 8.26-க்கு. அந்தச் சீட்டு வரிசையில் பதினோராவதாக நின்றது. பாஸில் ஆள் இல்லாததால் அந்த விவரம் கேப்டனுக்கு எட்டவில்லை.

8.45-க்கு மருமகன் கேட்டார். “இன்னும் பத்து நிமிஷம் சார்.” 8.55-க்கு மகன் கேட்டார். அதே பதில். ஒன்பது மணி தாண்டியதும் பெரியவருக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கடற்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்த திறந்தவெளி மேசை அது. அதனால்தான் மனைவிக்குச் சட்டெனச் சந்தேகம் வந்தது. தண்ணீர் டம்ளரை எடுக்கப்போன கை நடுங்கியது. கைப்பையில் இருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 58 காட்டியது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். அவர்கள் பழகிய குடும்பம். கைப்பையில் குளுக்கோஸ் பொடியும் இருந்தது. தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அளவு ஏறியதை உறுதி செய்துகொண்டார்கள். முதல் தட்டு மேசைக்கு வந்தது 9.14-க்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். சமையலறையில் அப்போது சூப் கொதித்துக்கொண்டிருந்தது, அப்பளம் பொரித்து வைக்கப்பட்டிருந்தது, ரொட்டிக் கூடைகள் தயாராக இருந்தன. “நாற்பது நிமிடமாவது ஆகும்” என்று கேப்டன் சொல்லியிருந்தால் பெரியவர் ஊசியைத் தள்ளிப்போட்டிருப்பார். அல்லது ஒரு கிண்ணம் சூப்பும் இரண்டு ரொட்டியும் கேட்டு வாங்கியிருப்பார். தாமதத்தால் மட்டும் அவருக்கு அந்த நிலை வந்துவிடவில்லை. தாமதம் மறைக்கப்பட்டதால் வந்தது.

மீன்

வாசலில் இருந்த கரும்பலகையில் அன்றைய மீன்களாக வஞ்சிரம், கொடுவா, சிங்கி இறால் ஆகியவை எழுதப்பட்டிருந்தன. குடும்பம் முழுக் கொடுவா ஒன்றை கிரில் செய்யச் சொல்லியிருந்தது. மெனு அட்டையில் அதற்கு விலை இல்லை, ‘ஏ.பி.எஸ்.’, அதாவது எடைக்கேற்ற விலை. மீனைக் கொண்டுவந்து காட்டவுமில்லை, எடை சொல்லவுமில்லை.

மே மாதம் தமிழக மீனவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் போகும். ஆகவே மீன் அறவே இல்லாமல் போகாது. அளவு குறையும், விலை ஏறும், பெரிய மீன்கள் அரிதாகும். கரையை ஒட்டிய அந்த விடுதிக்கு அன்று காலை ஃபைபர் படகுக்காரர்களிடமிருந்து நான்கு கொடுவா மீன்கள் வந்திருந்தன. நான்கும் மதிய உணவிலேயே விற்றுத் தீர்ந்துவிட்டன. வஞ்சிரம் மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸில் வந்தது. பலகையை யாரும் திருத்தவில்லை.

ஆர்டர் வந்தபோது, தலைமைச் சமையற்காரருக்கு அடுத்த நிலையில் இருக்கும் சூ செஃப், டீப் ஃப்ரீசரில் இருந்த கொடுவாவை எடுக்கச் சொன்னார். உறைந்த மீனைக் குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, பல மணி நேரம் எடுத்து, மெதுவாக இளக்க வேண்டும். நேரமில்லாததால் உறையோடு தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்கள். மே மாதத்து மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். வெளிச்சதை குழையும், முள்ளை ஒட்டிய சதை கல்லாகவே இருக்கும். அதை அப்படியே கிரில்லில் ஏற்றினார்கள்.

மேசைக்கு வந்த தட்டை மருமகள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். தோல் கருகியிருந்தது. ஓரத்துச் சதை பஞ்சுபோல நார்நாராகப் பிரிந்திருந்தது. தட்டில் வாழையிலை மேல் வெளிறிய நீர் தேங்கியிருந்தது. நடுவில் பிளந்த இடத்தில், தண்டுமுள் ஓரம், சதை கண்ணாடிபோலப் பாதி ஒளி ஊடுருவும் நிறத்தில் இருந்தது. வேகவில்லை என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். மீன் மெதுவாக உறையும்போது சதைக்குள் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகித் தசைநார்களைக் கிழித்துவிடும். இளகும்போது சாறு வெளியேறிவிடும். உறைந்த மீன் கெட்ட மீன் அல்ல. விரைவாக உறையவைத்து, முறையாக இளக்கினால் நல்ல குழம்பு வைக்கலாம், வறுக்கலாம். முழு மீனாக கிரில் செய்வதற்கு அது ஏற்றதல்ல என்பது அந்த சூ செஃபுக்குத் தெரியும். அவரோடு தனியாகப் பேசியபோது, “கொடுவா தீர்ந்துபோச்சுன்னு சொன்னா, ஏன் தீர்ந்துச்சுன்னு மேல கேள்வி வரும் சார்” என்றார். இந்த ஆய்வின் மையம் அந்தப் பதிலில் இருக்கிறது.

முந்திரி

குழந்தைக்கு இடியாப்பமும் வெள்ளைக் குருமாவும் கேட்டிருந்தார்கள். “இதில் முந்திரி இருக்கிறதா?” என்று தாய் கேட்டதற்கு, மேசையைக் கவனித்த ஸ்டீவர்ட் உடனே “கிடையாது மேடம்” என்றார். கிண்ணத்தை வைத்தவர் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞர். தாய்க்கு மனம் ஒப்பாமல் அவரிடமும் கேட்டார். “தெரியலக்கா, உள்ளே கேட்டுட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் பாப்பாவுக்குக் குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். அந்தச் சமையலறையின் வெள்ளைக் குருமா முழுக்க முழுக்க முந்திரி விழுதில் செய்யப்படுவது. அன்றிரவு அந்த உணவகத்தில் ‘தெரியாது’ என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். பெரிய விபரீதம் ஒன்று நேராமல் போனதற்கு அவர்தான் காரணம் என்பதை என் அறிக்கையில் முதல் பத்தியிலேயே எழுதினேன்.

பில்

உணவுக்கு 14,200 ரூபாய். அதில் கொடுவா மட்டும் 3,840. அதன் மேல் 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் 1,420 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மொத்தம் 18,431 ரூபாய் 60 காசு.

மருமகன் மூன்றையும் கேள்வி கேட்டார். ஜி.எஸ்.டி. விஷயத்தில் விடுதியின் பக்கமே நியாயம் இருந்தது. தனி உணவகங்களில் 5 விழுக்காடு. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 விழுக்காடு. இதை யாராவது ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் போதும். சர்வீஸ் சார்ஜ் அப்படியல்ல. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் தொடுத்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அந்த நெறிகள் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. அதாவது இந்த விருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு. “சிஸ்டத்துல தானா வருது சார், எடுக்க முடியாது” என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. ட்யூட்டி மேனேஜர் வந்தபின் அது நீக்கப்பட்டு, 16,756 ரூபாய் செலுத்திவிட்டுக் கிளம்பினார்கள். மீனுக்குப் பணம் குறைக்கப்படவில்லை. கேக் வந்தது, யாரும் அதைத் தொடவில்லை.

விடுதியின் முதல் பதில்

குடும்பத்தின் கடிதம் இரண்டு பக்கம். நேரம், தட்டு, பேச்சு எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தது; ஆசிரியர் கை என்பது படித்தவுடன் தெரிந்தது. கடைசியில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் மேசைக்கு வந்த மீன் அன்றைய மீன்தானா?

விடுதி அனுப்பிய பதிலில் ‘ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்ற வாக்கியமும், நான்கு பேருக்கு இலவச இரவுணவுக்கான கூப்பனும் இருந்தன. மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. குடும்பம் கூப்பனைத் திருப்பி அனுப்பிவிட்டது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுவதற்கு முன் ஒரு வாரம் காத்திருப்பதாகவும் தெரிவித்தது. அதன் பிறகுதான் நிர்வாகம் என்னை அழைத்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அடுத்தடுத்த வார இறுதிகளில் சமையலறையில் நின்று கவனித்தேன். சமையலில் குறை என்று சொல்ல அதிகம் இல்லை. கூட்டமில்லாத நாளில் அதே அடுப்பிலிருந்து அருமையான மீன் கறி வந்தது. குறை செய்திப் போக்குவரத்தில் இருந்தது. கெட்ட செய்தியை மேலே கொண்டுபோகிறவருக்குத் திட்டு விழும் என்பதால், ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அதை விழுங்கிவிட்டார். எல்லோருடைய மௌனமும் சேர்ந்து கடைசியில் விருந்தினரின் தட்டில் வந்து விழுந்தது.

முதலில் செய்ய வேண்டியது குடும்பத்துக்கு உண்மையை எழுதுவது என்று நான் வலியுறுத்தினேன். வழக்கு வருமோ என்று நிர்வாகம் தயங்கியது. நடந்தது மேசையில் இருந்த எட்டுப் பேருக்கும் தெரியும், படமும் இருக்கிறது, மறைப்பதால் மிச்சமாவது எதுவுமில்லை என்று எடுத்துச் சொன்னபின் ஒப்புக்கொண்டது. மீன் உறைந்த மீன் என்பதையும், அது முழுதாக வேகவில்லை என்பதையும், நேரம் தவறாகச் சொல்லப்பட்டதையும் ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்று பொது மேலாளரின் கையெழுத்தோடு போனது. 3,840 ரூபாயும் அதற்கான வரியும் திருப்பித் தரப்பட்டன.

அடுத்து, மாலை 6.30-க்கு நடக்கும் பணிக்கூட்டத்தின் வடிவத்தை மாற்றினோம். அதுவரை அன்றைய சிறப்பு உணவுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். இப்போது கூட்டம் தொடங்குவதே அன்று இல்லாதவற்றைப் படித்துக் காட்டுவதில். கரும்பலகையை எழுதும் பொறுப்பு வரவேற்புப் பகுதியிடமிருந்து மீன் அறுப்பவருக்கு மாற்றப்பட்டது. மீனைக் கையில் எடுப்பவர் எழுதினால்தான் பலகை உண்மை பேசும். எந்த மீன் எந்தக் கரையிலிருந்து வந்தது, பச்சையா உறைந்ததா என்பதையும் அவரே எழுதுகிறார். எடைக்கேற்ற விலையுள்ள மீன் எதுவானாலும், தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டி, எடையையும் விலையையும் சொல்லி, சம்மதம் வாங்கியபின்தான் அடுப்புக்குப் போக வேண்டும்.

பாஸில் நிற்பவரை எக்காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது என்பதும், நேரம் கேட்கும் விருந்தினருக்கு அவரிடம் கேட்டபின்பே பதில் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் வந்தன. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு கே.ஓ.டி.யோடு சிவப்புச் சீட்டு ஒன்று தனியாகப் போகும். அதில் சமையற்காரர் கையெழுத்துப் போட்டால்தான் தட்டு வெளியே வரும். சர்வீஸ் சார்ஜ் பில்லிங் மென்பொருளிலிருந்தே நீக்கப்பட்டது. ஊழியர்களின் வருமானத்தில் அது ஒரு பகுதியாக இருந்ததால் முணுமுணுப்பு எழுந்தது. அது நியாயமான முணுமுணுப்புதான். அந்தத் தொகையைச் சம்பளத்தில் ஈடுகட்ட வேண்டும் என்று எழுதினேன். பாதிதான் ஏற்கப்பட்டது.

பின்னர் நடந்தவை

தடைக்காலம் முடியும்வரை மீன் விற்பனை குறைந்தது. ‘உறைந்தது’ என்று பலகையில் பார்த்ததும் சிலர் கோழிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் மீன் கேட்டவர்களிடமிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தட்டு நான் பார்த்த வரையில் வரவில்லை. சிவப்புச் சீட்டு முறை சில நாட்கள் தடுமாறி, பின் நிலைபெற்றது. பயிற்சி இளைஞருக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். அன்றைய கேப்டன் சில வாரங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் மேல் மட்டும் பழி விழக் கூடாது என்று நான் எழுதியிருந்தும், சக ஊழியர்களின் பார்வை அவரை உறுத்தியிருக்க வேண்டும். அவர் சொன்ன “பத்து நிமிஷம்” அவருடைய சொந்தப் பொய் அல்ல. அந்த உணவகத்தில் அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

பெரியவர் கடிதத்துக்கு நான்கு வரியில் பதில் எழுதினார். கேட்டதற்கு விடை கிடைத்தது என்றும், துறைக்கு எழுதப்போவதில்லை என்றும், அந்த இளைஞரைத் தன் வாழ்த்தைச் சொல்லி விசாரிக்கும்படியும் எழுதியிருந்தார். மறுபடி வருவதாக எழுதவில்லை.

இனி மாற வேண்டியவை

மேசையைப் பதிவு செய்யும்போதே, உணவு நேரம் தவறக் கூடாத உடல்நிலை யாருக்காவது உண்டா என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோய் இத்தனை பரவலாக உள்ள நாட்டில் ஒவ்வாமையைக் கேட்கும் அதே இடத்தில் இந்தக் கேள்வியும் இருக்க வேண்டும். அத்தகையவர் உட்கார்ந்தவுடன், ஆர்டருக்குக் காத்திராமல், சூப்போ ரொட்டியோ மேசைக்குப் போக வேண்டும். இதைப் பதிவேட்டின் புதிய படிவத்தில் சேர்த்துவிட்டார்கள்.

சேராமல் நிற்பது, விருந்தும் உணவகமும் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. விருந்து நடக்கும் இரவுகளில் உணவகத்தில் அரை மணி நேரத்துக்கு இருபது பேருக்கு மேல் உட்காரவைக்கக் கூடாது என்பது என் பரிந்துரை. அப்படிச் செய்தால் சனிக்கிழமை வருமானத்தில் கணிசமாகக் கைவைக்க நேரும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. தனி விருந்துச் சமையலறை கட்டுவதற்கான மதிப்பீட்டைக் கேட்டிருக்கிறார்கள். அது முடிவாகும்வரை, ஆவணி முகூர்த்தங்களுக்கு மட்டுமாவது இந்த வரம்பைச் சோதனையாக நடைமுறைப்படுத்தும்படி மீண்டும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.